ஆஸ்பத்திரி இல்லாத ஊர்

அந்த ஊரில் முதலில் இறந்தது தராசுக்காரரின் மனைவி.

ஊரைக் கட்டியவர் தராசுக்காரர்தான். ஆற்றை வளைத்தது, சாலை போட்டது, தண்ணீர்த் தொட்டி வைத்தது, வீடுகளில் ஆட்களைக் குடியேற்றியது எல்லாம் அவர். நோய் வரலாம், முற்றினால் ஆள் போய்ச் சேரலாம் என்று விதி எழுதியதும் அவரே. முந்தின நாள் மாலை அதை எழுதி முடித்து, காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஓட்டிப் பார்த்தார். கணினித் திரையில் மழைக்காலம் வந்தது. தையல்கடையை ஒட்டிய வீட்டில் ஒரு ஜன்னலின் மஞ்சள் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்தது. பிழை கண்டுபிடிப்பதற்காகத் திரையின் அடியில் அவர் வைத்திருந்த சிறிய வரியில், "வீட்டுக்காரி இறந்தார்" என்று எழுத்து ஓடியது.

"டீ ஆறுது," என்றாள் மனைவி அடுத்த அறையிலிருந்து. "ஊரைக் கட்டினது போதும். கடைக்காரங்க தராசை வெச்சுக்கிட்டு காத்துக்கிட்டிருப்பாங்க."

அவர் எழுந்துபோய்க் கதவோரம் நின்று பார்த்தார். அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒரு சட்டைக் கையின் ஓரத்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. டீ குடிக்க வந்தேன்."

அந்த வாரம்தான் அவள் மார்பிலிருந்த கட்டியில் ஊசி இறக்கி, துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர நாளாகும், வந்ததும் போனில் கூப்பிடுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த நாளிலிருந்து வீட்டில் போன் அடித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்வார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். கடை கடையாகப் போய், தராசின் மேல் எடைக்கல்லை வைத்து, காட்டும் எண் சரியா என்று பார்த்து, சரியில்லையென்றால் பிரித்துச் சரிசெய்து தருவார். கையில் எப்போதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே பச்சை வெல்வெட் குழிகளில் சின்னதும் பெரியதுமாக எடைக்கற்கள். அவற்றை வெறுங்கையால் தொட மாட்டார். விரல் வியர்வை பட்டால்கூட எடை கூடும் என்பார். முள் ஆடும் தராசு போய் எண் காட்டும் தராசு வந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் பலர் வேறு பிழைப்புக்குப் போனார்கள். இவர் மட்டும் பழுதான தராசுகளின் உள்பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தோண்டித் துருவி, கடைசியில் தாமே சின்னச் சின்னக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லித் தரவில்லை. தப்பாகப் போனதிலிருந்து கற்றதுதான் அதிகம்.

ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை அதிலிருந்து கிளைத்தது. பெரிய கம்பெனிகள் செய்கிற மாதிரி வானளாவிய கட்டடங்களும் மேம்பாலங்களும் கொண்ட நகரம் அவருக்குத் தேவையில்லை. ஒரு ஆறு, ஒரு சாலை, பத்துப் பன்னிரண்டு வீடு போதும். விளையாடுகிறவர் வீடு கட்டலாம், கடை வைக்கலாம், தண்ணீர் இழுக்கலாம். காலையில் ஆட்கள் வெளியே வந்து வேலைக்குப் போவார்கள். மாலையில் திரும்பி வருவார்கள். ஆளுக்கு ஒரு ஜன்னல். வீட்டில் இருந்தால் விளக்கு எரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறவருக்கு ஊர் என்பது கடைசியில் அவ்வளவுதான்.

தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. எழுதியது கொஞ்சம், அழித்தது நிறைய. முதலில் ஆட்களுக்கு வெறும் எண்தான் வைத்திருந்தார். எந்த எண் எங்கே போகிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. ஒருநாள், நமக்குத் தெரிந்தவர்களையே குடிவைத்தால் என்ன, யாராவது தாறுமாறாக நடந்தால் உடனே கண்ணில் படுமே என்று தோன்றியது. மனைவியை வீட்டுக்காரி என்று பெயர் போட்டு, வயதும் தொழிலும் சரியாகக் கொடுத்து, தையல்கடைப் பக்கத்தில் குடிவைத்தார். அதே வீட்டின் இன்னொரு ஜன்னல் அவருக்கு. வெளியூரில் படிக்கும் மகளுக்கு ஆற்றின் அக்கரையில் ஒரு வீடு. மனைவியின் தம்பிக்குக் கடைத்தெருவில். கட்டட ஆள் சாரம் கட்டும்போது கைக்குக் கிடைத்த கழியை நடுவது போலத்தான் அப்போது நினைத்தார். வேலை முடிந்ததும் பிடுங்கிவிடலாம்.

இன்னொரு பழக்கமும் அவர் தொழிலிலிருந்து வந்ததுதான். மழை எப்போது பெய்யும், யாருக்குச் சளி பிடிக்கும் என்பதையெல்லாம் அந்த ஊரில் பகடைதான் முடிவு செய்யும். ஆனால் கணினிக்கு உண்மையில் பகடை உருட்டத் தெரியாது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து பகடை விழுந்தது போலவே எண்களை வரிசையாகப் பிறப்பித்துத் தரும். மறுபடி அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை அச்சுப்பிசகாமல் வரும். இந்தத் தொடக்க எண்ணை விதை என்பார்கள். விளையாட்டு முடிந்து வெளியே போகும்போது விதை ஒவ்வொரு முறையும் மாறவேண்டும். வேலை நடக்கும்போது மாறாமல் வைத்துக்கொண்டால்தான் பிழையைப் பிடிக்க முடியும். ஒரே எடைக்கல்லை மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தால்தானே தராசு தப்பா சரியா என்று தெரியும். அதனால் ஒரு எண்ணை நிலைநிறுத்தி வைத்திருந்தார். ஊரை எத்தனை முறை ஓட்டினாலும் அதே நாளில் மழை, அதே ஆளுக்குத் தும்மல்.

அதே ஜன்னலில் விளக்கு அணையும் என்பதும் அதனால்தான்.

மறுநாள் காலை தெரிந்தே ஓட்டினார். அணைந்தது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும், இது நான் எழுதிய கணக்கு, இதற்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை என்று தமக்குள் சொல்லிக்கொண்டுதான் ஓட்டினார். மழைக்காலம் நெருங்க நெருங்க உள்ளங்கை ஈரமாகிவிடும்.

விதையை மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஒரே ஒரு எண். விரல் விசைப்பலகை வரை போகும், அப்படியே நிற்கும். மாற்றி, அதிலும் அவளே போனால்? மகள் போனால்? இப்போதாவது விழுந்தது தானாக விழுந்தது. மாற்றிய பிறகு விழுந்தால் நான் கைநீட்டித் தேர்ந்தெடுத்தது ஆகாதா? இன்னொன்றும் உறுத்தியது. காட்டுகிற எண் பிடிக்கவில்லை என்று எடைக்கல்லை மாற்றுவது அவர் தொழிலில் திருட்டுக்குச் சமம். வாழ்க்கையில் அதை ஒருமுறைகூட அவர் செய்ததில்லை.

பெயரை அழித்துவிட்டு எண் போட்டுப் பார்த்தார். அந்த ஜன்னல் யாருடையது என்று அவருக்குத்தான் தெரியுமே. மறுபடி பெயரையே போட்டார்.

புதிதாக எதையும் கட்டவும் முடியவில்லை. புதிய கட்டடம் ஒன்று வந்தால் அதற்கும் ஒரு பகடை வேண்டும். நடுவில் ஒரு எண் கூடுதலாகச் செலவானால் அதற்குப் பின்னால் வருகிற வரிசை முழுக்க இடம் மாறிவிடும். மழை மாறும், நோய் மாறும், ஜன்னல் மாறும். ஒரு தெருவிளக்கு வைக்கக்கூடத் துணிச்சல் வரவில்லை. ஊரை ஓட்டுவார், மழைக்காலத்துக்கு முந்தின நாளில் நிறுத்துவார். ஆட்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஜன்னல் எல்லாவற்றிலும் விளக்கு எரியும். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வேலையிலும் அது தெரிய ஆரம்பித்தது. காய்கறிக்கடை அம்மாளின் தராசைப் பார்க்கப் போனவர், எடைக்கல்லை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அண்ணே, தராசு சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப நீங்க சரியா இருக்கீங்களா? அரை மணி நேரமா அந்தக் கல்லுக்குத் தாலாட்டு பாடுறீங்க. வாங்க வந்தவங்க எல்லாம் என்னைத் திருடின்னு நினைக்கப் போறாங்க."

சிரித்து வைத்தார். அந்த நேரம் பார்த்து சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத எண். போனை எடுக்கிற அவசரத்தில் எடைக்கல் தக்காளிக் கூடைக்குள் விழுந்தது. பேசியது யாரோ ஒரு மளிகைக்கடைக்காரர்; தராசு பூஜ்யத்துக்கு வரமாட்டேன் என்கிறதாம். தக்காளிகளுக்கு நடுவே கல்லைத் தேடி, துணியால் பிடித்து எடுத்தபோது, அதற்கு முன்னால் வெறுங்கையால் தொட்டேனா இல்லையா என்பதே அவருக்கு நினைவில் இல்லை.

மனைவி எப்போதும் போலத்தான் இருந்தாள். அதுதான் அவரை அதிகமாக அச்சுறுத்தியது. தைத்தாள், சமைத்தாள், மகளிடம் போனில் துவைக்கிற சோப்பைப் பற்றிப் பேசினாள். மகளிடம் கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்றாள். அவள் வழி எப்போதுமே அது. கட்டி கையில் தட்டுப்பட்டபோது பள்ளிச் சீருடை தைக்கும் சமயம். வீடு முழுக்க நீலத்துணி குவிந்து கிடந்தது. "இந்த வேலை முடியட்டும், போய்க் காட்டலாம்," என்றாள். அவரும் சரியென்றார். சீருடை முடிந்தது, அப்புறம் யாரோ கல்யாணத்துக்கு அவசரம் என்று கொண்டுவந்தார்கள், அதுவும் முடியட்டும் என்றாள். அதற்கும் அவர் சரியென்றார். அந்த இரண்டு சரிகளையும் இப்போது எந்தத் தட்டில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

விடுமுறை நாளன்று மனைவியின் தம்பி வந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். வாய் மட்டும் டிரைவர், கண்டக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்து வேலை செய்யும்.

"என்ன மாமா, ஊர் எந்த அளவுல இருக்கு? நமக்கு நிலம் நீச்சு ஏதாவது ஒதுக்கியிருக்கீங்களா?"

"கடைத்தெருவுல ஒரு வீடு இருக்கு மாப்ள."

"கடைத்தெருவா? ஒரே சத்தமா இருக்குமே. ஆத்தங்கரையில குடுத்திருக்கலாம்."

"அங்க கொசு."

"கொசு வேற விட்டிருக்கீங்களா? விளையாட்டுன்னுதானே சொன்னீங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையில் ஊர் நின்றுகொண்டிருந்தது, மழைக்கு முந்தின நாளில். தன் ஜன்னலைக் கண்டுபிடித்து விரலால் தொட்டுச் சிரித்தான். அந்த நேரத்தில் தராசுக்காரரின் போன் அடித்தது. மறுபடி தெரியாத எண். அவர் எழுந்து வேகமாக வாசலுக்குப் போனார். மனைவி கேட்கும் இடத்தில் நின்று அந்தப் பேச்சைப் பேச அவரால் முடியாது. ஆனால் அழைத்தவர் ஆஸ்பத்திரி ஆள் இல்லை, தவறான எண். யாரையோ கேட்டார், மன்னிப்பு கேட்டார், வைத்துவிட்டார். மூச்சு வாங்கத் திரும்பியபோது உள்ளேயிருந்து மச்சினனின் குரல் கேட்டது.

"அக்கா, இங்க வாயேன். மாமா உன்னைக் கொன்னுட்டாரு."

சொன்னபோது சிரிப்புதான். சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை. அக்காவின் சோதனை அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தராசுக்காரர் உள்ளே வந்தபோது, அவன் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பள்ளியில் எதையோ உடைத்துவிட்ட பையன் போல உட்கார்ந்திருந்தான். "நான் சும்மா ஓட்டிப் பார்த்தேன் மாமா. நின்னுக்கிட்டிருந்துச்சேன்னு," என்றான்.

மனைவி வந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து அந்த வரியைப் படித்தாள். அணைந்த ஜன்னலைப் பார்த்தாள். பக்கத்து ஜன்னலில் விளக்கு எரிந்தது.

"எதுல போனேன்?" என்று கேட்டாள்.

தம்பி மாமாவைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல. எதுல போனேன்?"

"காய்ச்சல்," என்றார் அவர்.

"காய்ச்சலுக்கு எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"எங்கயும் இல்ல. அந்த ஊர்ல ஆஸ்பத்திரி இன்னும் கட்டல."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "தண்ணித் தொட்டி கட்டியிருக்கீங்க. பஸ் ஸ்டாப் கட்டியிருக்கீங்க. தராசுக்கடைகூட ஒண்ணு இருக்கு, வாசல்ல போர்டு மாட்டி. ஆஸ்பத்திரி மட்டும் இல்ல."

"இன்னும் கட்டிக்கிட்டுத்தானே இருக்காரு," என்றான் தம்பி மெதுவாக.

"நீ சும்மா இரு. உனக்குக் கொசுவலை வாங்கித் தரச் சொல்றேன்." அவரிடம் திரும்பினாள். "இதுக்குத்தான் ஒரு வாரமா என் முகத்தையே பார்த்துக்கிட்டுத் திரியுறீங்களா? நான் தும்மினா எழுந்து ஓடி வர்றீங்க."

அவர் சொன்னார். விதையைப் பற்றி, ஒவ்வொரு முறையும் அதே ஜன்னல் அணைவது பற்றி, மாற்றப் பயந்தது பற்றி. சொல்லச் சொல்லத் தமக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"பகடைதானே உருட்டுது. அதுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம்?"

"எனக்குத் தெரியுமே," என்றார்.

அவள் கையிலிருந்த ஊசியைத் தோள் துணியில் குத்தி வைத்தாள். "முதல்ல ஆஸ்பத்திரியைக் கட்டுங்க," என்றாள். "வீட்டுக்குப் பக்கத்துல கட்டுங்க. உக்கார பெஞ்ச் போடுங்க. நாம போற ஆஸ்பத்திரியில நின்னு நின்னு எனக்குக் கால் வீங்கிப்போச்சு. மூணாவது மாடியில எதையும் வைக்காதீங்க."

அவர் கட்டினார். வேலைக்குப் போகுமுன் காலையில் கொஞ்சம், வந்த பிறகு மாலையில் கொஞ்சம். பயம் போய்விடவில்லை, கை வேலையில் இருக்கும்போது ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தது. எல்லாம் தரைத்தளம், பத்து பெஞ்ச், வாசலில் நிழல். யார் எப்போது அங்கே போவார்கள் என்று விதி எழுத வேண்டும். நோய் வந்தவர் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று எழுதினார். அதை எழுதும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆட்கள் அப்படித்தானே போவார்கள். மனைவி துணி வெட்டும் இடைவெளியில் வந்து எட்டிப்பார்த்து, "கழிப்பறை எங்க?" என்றாள். கழிப்பறை கட்டினார்.

அது முடிகிற தறுவாயில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மனைவிதான் எடுத்தாள். "சரிங்க, சரிங்க," என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில வரச் சொல்றாங்க. ரெண்டு பேரும்," என்றாள். இரண்டு பேரும் என்று ஏன் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் அதை மறுபடி சொல்லவில்லை.

காலையில் அவள் கிளம்பித் தயாராகி, பையை மடியில் வைத்துக்கொண்டு கணினி அறையில் வந்து உட்கார்ந்தாள். கிளம்ப இன்னும் நேரமிருந்தது.

"ஓட்டுங்க, பார்ப்போம்."

"வந்து பார்க்கலாமே."

"ஓட்டுங்க."

ஓட்டினார். காலை வந்தது, ஆட்கள் வெளியே வந்தார்கள். மகள் ஆற்றுப் பாலத்தில் நடந்தாள். மச்சினன் வழக்கம்போலப் பிந்தி வந்தான். மழை இந்த முறை முன்னதாகவே வந்தது. புதுக் கட்டடம் பகடை வரிசையைத் தள்ளிவிட்டிருந்தது. இனி எதுவும் அவருக்குத் தெரிந்தது இல்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் ஜன்னலையே பார்த்தார். மழை வலுத்தது. விளக்கு எரிந்தது. மழை விட்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பக்கத்து ஜன்னல் அணைந்தது. "தராசுக்காரர் இறந்தார்" என்று அடியில் எழுத்து ஓடியது.

அவருக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கி எடுத்தது போல இருந்தது. சிரிப்பே வந்துவிட்டது. "பார்த்தியா, நீ தப்பிச்சிட்ட. நான்தான்," என்றார். அவ்வளவு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. பையின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிதான் பக்கத்துல இருக்கே. ஏன் போகல?"

"அந்தத் தராசுக்காரர் போனாரு. வேலை முடிஞ்சு போனாரு. அதுக்குள்ள முத்திடுச்சு."

"வேலை முடிஞ்சு?"

"அப்படித்தான் எழுதியிருக்கேன். எல்லாருக்கும் அப்படித்தான்."

சொல்லும்போதே நீலத்துணிக் குவியல் அவர் கண்முன் வந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆளை அச்சு அசலா எழுதியிருக்கீங்க," என்றாள். "மாத்துங்க."

"பகடைதானே. அதுக்கு என்னைத் தெரியவா போகுது?"

"அதுக்குத் தெரியாதுதான். ஆனா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பயம் இப்போது அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. இத்தனை நாளும் எதையும் காட்டிக்கொள்ளாமல் தைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

அவர் விதியை மாற்றினார். நோய் வந்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரே ஒரு வரிதான். பிறகு, அவள் கேட்காமலே, நிரலின் மேல்வரிக்குப் போய் விதை எண்ணை அழித்துவிட்டு, அந்த இடத்தில் கடிகாரத்தை வைத்தார். எந்த நொடியில் ஓட்டினாலும் அந்த நொடிதான் விதை. திரும்ப அதே வரிசை வராது.

"இது என்ன?"

"இனிமே யாருக்கு என்னன்னு எனக்கும் தெரியாது."

"கல்லை மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்க."

"கல்லை மாத்தல. கல்லையே எடுத்துட்டேன். இனி இது தராசு இல்ல, ஊர்."

அவள் தலையசைத்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. "ஓட விட்டுட்டு வாங்க. நேரமாச்சு," என்றாள். ஊரை ஓடவிட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் இருவரும் கிளம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் அன்றும் உட்கார இடமில்லை. மூன்றாவது மாடி. மின்தூக்கியில் பழுது என்று அட்டை தொங்கியது. மாடிப்படியில் ஒரு திருப்பத்தில் அவள் நின்று மூச்சு வாங்கி, "சொன்னேனா?" என்றாள். நடைகூடத்தில் சுவரோரம் நின்றார்கள். ஒவ்வொரு முறை கதவு திறந்து பெயர் கூப்பிடும்போதும் இருவரும் நிமிர்ந்தார்கள். மற்றவர்கள் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். வெளியே வரும் முகங்களைப் படிக்கக்கூடாது என்று அவர் தரையையே பார்த்தார். ஆனாலும் கால்களின் நடை சொல்லிவிட்டது.

டாக்டர் நடுவயதுப் பெண். தாளை மேசைமேல் வைத்து, அதைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பேசினார்.

"கட்டி நல்ல கட்டி இல்லம்மா. ஆனா இன்னும் வேற எங்கயும் பரவின மாதிரி தெரியல. அறுவை பண்ணி எடுத்துடணும். அப்புறம் மருந்து, கொஞ்ச காலத்துக்கு. இன்னும் ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா வேலை சுலபமா இருந்திருக்கும். இப்பவும் கைமீறிப் போயிடல."

"தையல் வேலை நிறைய இருந்துச்சு," என்றாள் அவள், சீருடையை நேரத்துக்குத் தைத்துத் தராததற்குப் பெற்றோரிடம் சாக்குச் சொல்வது போல.

"இனிமே இதுதான் வேலை."

"பிழைச்சுக்குவேனா டாக்டர்?"

"நல்ல வாய்ப்பு இருக்கு."

வாய்ப்பு. நிரலில் பகடை விழும் வரிக்கு அவர் வைத்திருந்த பெயரும் அதுதான். அதற்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு எண் இருக்கும். எண் இல்லாமல் அந்தச் சொல்லை அவர் எழுதியதே இல்லை. நூற்றுக்கு எத்தனை என்று கேட்க வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் அவள் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. கேட்க வேண்டாம் என்று அர்த்தம். வாழ்நாளெல்லாம் எண்ணைக் கேட்டே பிழைத்தவர் வாயை மூடிக்கொண்டார். எப்போது சேர வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள்தான் கேட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் போனது.

"மகளுக்கு இன்னைக்கே சொல்லிடலாம்," என்றாள் பிறகு. "பரீட்சை முடியட்டும்னு வேண்டாம்."

"நான் சொல்றேன்."

"வேண்டாம். நீங்க சொன்னா நான் செத்துட்டேன்னு நினைச்சுக்குவா. நானே சொல்றேன்."

வீட்டுக் கதவைத் திறந்தபோது கணினியின் இரைச்சல் கேட்டது. ஊர் ஓடிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டுப் போனதிலிருந்து அந்த ஊரில் எத்தனையோ மழைக்காலம் போயிருக்கும். அவர் அறை வாசலில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் திரையின் ஒரு மூலைதான் தெரிந்தது. அக்கரையில் ஏதோ ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. இன்னும் ஓரடி உள்ளே வைத்தால் தையல்கடை வீடு தெரியும். அந்த ஓரடியை அவரால் வைக்க முடியவில்லை. திரும்பிப் போகவும் முடியவில்லை.

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். திரையை நேராகப் பார்க்காமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே, அடுத்த அறையிலிருந்து எடுத்துவந்த ஒரு நீலத்துணித் துண்டை உதறி அதன்மேல் போர்த்தினாள். சீருடைத் துணியில் மிஞ்சியது. துணி ஒரு பக்கமாக வழுகியது.

"அணைச்சுடட்டுமா?" என்றார் அவர்.

"வேண்டாம். ஓடட்டும். பார்க்கத்தான் வேண்டாம்."

துணி மறுபடி வழுகியது. அவர் மரப்பெட்டியைத் திறந்து, இரண்டு எடைக்கற்களை வெறுங்கையால் எடுத்து, திரைக்கு மேலிருந்த அலமாரித் தட்டில் துணியின் இரு முனைகளையும் இழுத்து வைத்து அவற்றின்மேல் பாரமாக வைத்தார். துணிக்கு அடியிலிருந்து மங்கலாக வெளிச்சம் கசிந்தது. அது கூடுவதும் குறைவதும் தெரிந்தது. அங்கே பொழுது விடிந்து விடிந்து சாய்ந்துகொண்டிருந்தது.

அவள் அடுத்த அறையில் மகளுக்கு எண் போட்டாள். தையல் மெஷின்மேல் பாதி தைத்த சட்டை ஒன்று கிடந்தது. அதை எடுத்து மடித்து, தைக்காமலே ஓரமாக வைத்தாள். "ஆமாம்மா, அம்மாதான்," என்று அவள் ஆரம்பித்தபோது, தராசுக்காரர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.